கண் வைக்காத குதிரை

‘ஆடி, இரண்டாம் வெள்ளி, கும்மிடிப்பூண்டி ரயில்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். எதிரே அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“குதிரைக்குக் கண்ணு வந்தாதான் ஊட்டுக்குப் போவேன்,” என்றாள் தங்கை.

“இன்னாடி உளர்றே?”

“மிலிட்டரிலேர்ந்து வந்தப்புறம் என் ஊட்டுக்காரரு கோயிலுக்கு மரக்குதிரை செஞ்சாருக்கா. பிடரி அப்டியே பறக்குது. குடிச்ச கையால கண்ணு தொறக்க மாட்டேன்னு அத மட்டும் வுட்டுட்டாரு.”

“குருட்டுக் குதிரையில சாமி எப்டிடி போவும்?”

“அவரு குடிய வுடணும். அதுக்குத்தான் அம்மா ஊட்ல காத்துக்கினு கீறேன். அவரு கைய நெனைச்சா தூக்கம் வர்ல.”

அவள் போன் அடித்தது. கேட்டுவிட்டு எழுந்தாள்.

“கோயில் பூசாரி பேசுனாரு, அக்கா. என் ஊட்டுக்காரரு குளிச்சிட்டு, உளியோட வந்து ஒக்காந்துக்கினு கீறாராம்.”

பொன்னேரியில் இறங்கி, எதிர்த்திசை ரயிலுக்கு ஓடினாள்.

அன்று குதிரைக்குக் கண் திறந்தாரா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.