பதின்மூன்று பாகை

எனக்கு நீந்தத் தெரியாது. கடலை ஆராயும் நிலையத்தில் வேலை பார்ப்பவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சுவிட்சர்லாந்தில் அதற்குத் தேவை வந்ததில்லை. மத்தியதரைக் கடலில், வெயில் எட்டாத ஆழத்தில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. கோடைதோறும் எங்கள் ஆட்கள் கமராவை இறக்கி, அதே இடங்களைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து வருவார்கள். அந்தப் படங்களைச் சுவரில் பெரிதாக விழுத்தி, கடல்விசிறிப் பவளங்களிலும் கடற்பஞ்சுகளிலும் எது உயிரோடிருக்கிறது, எது வெளிறிவிட்டது என்று பார்த்துத் திட்டின் நலத்தைக் கணிப்பது என் வேலை. இருட்டறையில் அந்தச் சிவப்பு விசிறிகளுக்கு முன்னால் உட்கார்ந்தால், மனிதர்கள் என்று ஒரு இனம் இருப்பதே மறந்துவிடும்.

தில்லைநாதன் அங்கே நிலம் துடைக்க வந்தார். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர். ஓல்டனிலிருந்து ரயிலில் வருவார். சுவரில் மீன் தெரிந்தால் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவார்.

"அண்ணை, இது சொதிக்கு ஆகுமோ, பொரிக்கத்தானோ?"

நிலையத்தை நடத்திய பேராசிரியர் என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்து, தில்லைநாதனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். எனக்கு அவர் ஒருநாளும் கோப்பி வாங்கித் தந்ததில்லை. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

திட்டிலிருந்து உயிரோடு கொண்டுவந்த சில விசிறிகள், ஆய்வுகூடத் தொட்டியில், பதின்மூன்று பாகை வெப்பநிலையில் வைத்த கடல்நீரில் இருந்தன. நீர் சூடேறினால் அவை சாகும். படங்களில் சாகின்றவற்றோடு ஒப்பிட இவை வேண்டியிருந்தன. எண்பத்தாறு தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால், எல்லாம் தசை உரிந்து வெறும் குச்சிகளாக நின்றன. குளிரூட்டியை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

"பாவமண்ணை, தண்ணி ஐஸ் மாதிரிக் கிடந்தது. கை வைச்ச எனக்கே விறைச்சுப் போச்சு. அதுகளுக்கும் குளிரும்தானே எண்டு மெசினை நிப்பாட்டிப்போட்டுச் சுடுதண்ணி விட்டனான்."

தில்லைநாதன் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அறிவில்லாதவனின் இரக்கத்தைப் போல அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. பேராசிரியர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு மன்னித்துவிட்டார்.

பங்குனியில் தில்லைநாதனின் அகதி விசாரணை வந்தது. ஓய்வு நாட்களில் நான் அங்கே மொழிபெயர்க்கப் போவது, இந்த விவகாரத்தை எழுதும் உங்களுக்குத் தெரியும். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. முன்பே அறிமுகமா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன்.

தம்பியை ராணுவம் இழுத்துப் போனதையும், முகாமில் தன் முதுகில் சூடு வைத்ததையும் தில்லைநாதன் சொன்னார். ஒழுங்காகக் கதைக்கத் தெரியாதவர். அழுதார், மூக்கைச் சிந்தினார், விட்ட இடத்தை மறந்தார். நான் தெளிவான ஜெர்மனில் சொன்னேன்: ஊரில் தொழில் இல்லை, தம்பி சுகமாக இருக்கிறான், உழைக்க வந்தேன். தில்லைநாதன் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டப் போனார். இங்கே அது மரியாதையில்லை என்று தடுத்தேன். உடனே சட்டையை இழுத்துவிட்டு அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டார். அதை மட்டும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

முடிவில், அதிகாரி எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். தாளைப் பார்த்தபடி தில்லைநாதன் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்: தம்பி, முகாம், முதுகு. தாளில் அவற்றில் ஒன்றும் இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

படிக்கட்டில் என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, நீங்கள் எண்டபடியால்தான் எல்லாத்தையும் சொல்ல ஏலுமாப் போச்சு."

விண்ணப்பத்தை நிராகரித்து, ஆவணியில் விமானம் ஏற்றினார்கள். கொழும்பிலிருந்து ஊர் போகிற வழியில் ராணுவத்தினர் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சுட்டார்களாம். உடலைக்கூடத் தரவில்லை என்று அவருடைய மச்சான் கனகரத்தினம் உங்களிடம் சொல்லியிருப்பார். உண்மைதான். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

ஒரு திருத்தம் மட்டும். கோபத்தில் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிடுங்கள். கோபப்படும் அளவுக்கு அவர் எனக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை.