நகக்கண் அளவு தூரம்

நேற்றுச் சாயங்காலம் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், பேச வந்திருந்த ரூபி அம்மா சொன்ன கதையைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடியே எழுதி வைக்கப் போகிறேன். பேச்சின் நடுவில் அவர்கள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? ... சரி, கேளுங்க.

சங்கரன்கோவில்ல மாசிலாமணின்னு ஒரு டாக்சி டிரைவர். அம்பாசிடர் கார் வச்சிருந்தார். ஒரே மகள், ஜெபக்கனி. வள்ளியூர்ல கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாணப் பந்தியிலேயே சம்பந்திகிட்ட மார்தட்டிச் சொல்லிட்டார். 'தலைப்பிரசவத்துக்கு எம்மவள எங்கார்லதான் கூட்டிட்டுப் போவேன். பஸ்ல ஏத்த மாட்டேன்!'

ஜெபக்கனிக்கு ஏழாம் மாசம் வந்தது. பிள்ளையை அழைக்கப் போகணும். அந்த நேரம் பார்த்து... கார் எஞ்சின் போச்சு.

மகள் போன் பண்றா. 'எப்பா, எப்ப வாரிய?'

'சவாரி நெறைய இருக்கும்மா. முடிச்சிட்டு வந்துருதேன். சாப்ட்டியா?'

'சாப்ட்டேன். எப்பா... மாடியில நின்னா மெயின் ரோடு தெரியுது. வெள்ளக் காரு எது வந்தாலும் நீங்கதானோன்னு...'

'சரிம்மா. வச்சிரட்டா?'

வச்சிட்டார்! 'எஞ்சின் போச்சும்மா'ன்னு ஏன் சொல்லலை? ஏன்? ... சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா கௌரவம் என்ன ஆகும்?

அங்கே இங்கே அலைஞ்சு, வேற ஒரு காரில் இருந்து கழற்றின எஞ்சின் ஒண்ணு கிடைச்சது. மெக்கானிக் இசக்கி வந்து இறக்கி வச்சார். எல்லாம் பொருந்திடுச்சு. கடைசியா, எஞ்சின் பக்கவாட்டில் பெட்ரோல் பம்ப் மாட்டணும். டேங்கில் இருக்கிற பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்ப். அதுக்குக் கரண்ட் கிடையாது. கை மாதிரி ஒரு லீவர் நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தக் கை எஞ்சினுக்குள்ளே போய், உள்ளே சுத்துற தண்டைத் தொடணும். தண்டு தள்ளத் தள்ளக் கை ஆடும். கை ஆட ஆடப் பெட்ரோல் வரும். வேற ஒண்ணும் வேண்டாம்... தொடணும்.

மாசிலாமணி சொன்னார், 'ஏல இசக்கி, போன எஞ்சின் ஆயில் ஒழுகியே செத்துச்சு. இதுல ஒரு சொட்டு வெளிய தெரியக் கூடாது, பாத்துக்க.'

'நீரு சும்மா இரும் அண்ணாச்சி. தடியா பேக்கிங் வச்சிருவோம்.'

பேக்கிங்னா, ஆயில் ஒழுகாம இருக்கப் பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கிற அட்டை. எஞ்சினில் ஏற்கெனவே ஒரு தடி பேக்கிங் ஒட்டியிருந்தது. அதை எடுக்காம, அதுக்கு மேலேயே இன்னொண்ணு வச்சு, போல்ட்டை முறுக்கிட்டாங்க."

அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்த, எங்களைக் கூட்டி வந்த வேன் டிரைவர் ஞானையா மாமா, "ரெண்டு பேக்கிங் போட்டா லீவர் எட்டாதேம்மா!" என்று கத்திவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க அங்க இல்லாம போயிட்டீங்களே!" என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்கள் ரூபி அம்மா.

"கார்புரேட்டரில் கையால கொஞ்சம் பெட்ரோல் ஊத்தினாங்க. ஸ்டார்ட் ஆச்சு! மாசிலாமணி சம்சாரம் பாக்கியம் தலையணையைத் தூக்கிட்டு ஓடிவந்து பின்சீட்டில் வச்சாங்க. பிள்ளை சாஞ்சுக்கணுமே! ... தெரு முக்குத் தாண்டலை. நின்னு போச்சு.

மறுபடி ஊத்தினாங்க. ஓடுச்சு. நின்னுச்சு. டேங்கைப் பார்த்தாங்க, நிறைய இருக்கு. டியூபை ஊதிப் பார்த்தாங்க, அடைப்பு இல்லை. பம்பைக் குத்தம் சொல்லிப் புது பம்ப் வாங்கி மாட்டினாங்க... அதே ரெண்டு பேக்கிங்கோட! நாள் போச்சு. 'எப்ப வாரிய?' 'வந்துருதேன்.' 'எப்ப வாரிய?' 'வந்துருதேன்.' அப்புறம் மகள் கேட்கிறதையே விட்டுட்டா.

ஒரு நாள் இசக்கி பம்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிச்சார். லீவர் நுனி புத்தம் புதுசா மின்னுது. ஒரு கீறல் இல்லை. 'அண்ணாச்சி... இது தண்ட தொடவே இல்ல வே.'

எவ்வளவு தூரம் தெரியுமா? ஒரு நகக்கண் அளவு!

ஒரு பேக்கிங்கை எடுத்தாங்க. வண்டி பறந்தது. வள்ளியூர்ல போய் இறங்கினா, சம்பந்தியம்மா வாசலுக்கு வந்தாங்க. 'நேத்துத்தான் டாக்டர் பாத்தாவ, அண்ணாச்சி. இனிமே புள்ள பயணம் போகக் கூடாதுன்னுட்டாவ. பிரசவம் இங்கதான்.'

ஜெபக்கனி மெதுவா நடந்து வந்தா. மாசிலாமணி தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னார், 'காரு ரிப்பேரும்மா. அதான்...'

'பஸ்ல வந்திருக்கலாமேப்பா.'

'உன்னப் போய் எப்படிம்மா பஸ்ல...'

'கூட்டிட்டுப் போவவா சொன்னேன்? ... சும்மா என்னப் பாக்க வந்திருக்கலாமேப்பா.'"

ரூபி அம்மா மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

"சொல்லுங்க. அவர் பாசம் இல்லாத அப்பாவா? டேங்க் நிறைய இருந்ததே! நம்ம வீட்டிலும் நிறையத்தான் இருக்கு. ஆனா நடுவில் என்ன வச்சிருக்கோம்? கௌரவம்னு ஒரு பேக்கிங். 'அவங்க என்ன நினைப்பாங்க'ன்னு அதுக்கு மேலே ஒண்ணு. மனசு ஒரு சொட்டும் வெளியே ஒழுகிடக் கூடாது, இல்லையா? கிறிஸ்மஸுக்கு ஒரு போன் பண்றோம். அது கையால ஊத்தின பெட்ரோல், அம்மா. தெரு முக்கு வரைக்கும் ஓடும்.

கார் சரியாகட்டும், வீடு கட்டி முடியட்டும், கையில நாலு காசு சேரட்டும், அப்புறம் போய்ப் பார்ப்போம்னு இருக்கீங்களே... அவங்க காரையா கேட்டாங்க? வீட்டையா கேட்டாங்க? உங்களைத்தானே கேட்டாங்க! போங்க. வெறுங்கையோட போங்க. போய்த் தொடுங்க."

கடைசி ஜெபம் முடிந்த பிறகும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த சுகந்தி அத்தை போனை எடுத்து ஒரு பெயரைத் தேடினார்கள். அது கிடைத்த பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு காதில் வைத்து, "ஏட்டி... நான்தான். நாளைக்கு உன்னப் பாக்க வாரேன்" என்றார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நாங்கள் வெளியே வந்ததும் மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.