யாரும் பார்க்க வராத கட்டில்

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. இறைவனைத் தொழுவதும் வாய் திறவாமல்தான். சொல்லாத சொல்லையும் செவிமடுப்பவன் அவன். என் அண்ணன் சிறு வயது முதலே என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் அழைப்பார்.

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எச்சரிக்கை மென்பொருளை அமைத்தவன் நான். இரத்தப் பரிசோதனையில் ஆபத்து தெரிந்தால் அது மருத்துவரின் திரையில் சிவந்து ஒலிக்கும். பிழையின்றி ஒலித்தது, ஓயாமலும் ஒலித்தது.

“சார், உங்க பொட்டி என் மாமியாரை விட மோசம்,” என்றார் தலைமைச் செவிலியர். “நாள் முழுக்க நொய்நொய்னு. நெஜத்தைச் சொன்னாலும் இப்ப யாரு காதுல வாங்குறா?”

மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார். “அதை அடக்குங்க. இல்லன்னா ஒயரைப் பிடுங்கிடுவேன்.”

எந்த எச்சரிக்கைகளை அவர்கள் படிக்காமலே மூடுகிறார்கள் என்று ஆராய்ந்தேன். நோயின் கடுமையோ வயதோ காரணமன்று. உறவினர் வந்து நிற்கும் கட்டிலுக்கு ஒலித்தால் படித்தார்கள். யாரும் வராத கட்டிலுக்கு ஒலித்தால் மூடினார்கள். தாம் அப்படிச் செய்வதை அவர்களே அறியார். வாயிலில் தரும் பார்வையாளர் சீட்டும் அதே கணினியில்தான் பதிவாகிறது. ஆகவே, பார்க்க ஆள் வராத நோயாளிகளின் எச்சரிக்கை திரைக்குப் போகாதபடி நிறுத்தினேன். எவரிடமும் சொல்லவில்லை. கேளாச் செவிக்குச் சொல்லாதிருப்பது பிழையென்று எனக்குத் தோன்றவில்லை. பிரிவு அமைதியுற்றது. செவிலியர் கைகூப்பினார், மருத்துவர் தோளைத் தட்டினார்.

சில கட்டில்கள் காலியாயின. முன்பும் காலியாகிக்கொண்டுதான் இருந்தன.

பிறகு அண்ணன் சிறுநீரகம் கெட்டு அங்கே சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அண்ணி கால் ஒடிந்து வீட்டில் கிடந்தவாறே என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. ஊமைக்கோட்டான் வந்தானான்னு கேட்டுக்கிட்டே இருக்காராம்.”

“பாக்கறேன் அண்ணி.”

“என்ன பாக்கறேன்? அதே கட்டடத்துலதானே உக்காந்திருக்கீங்க?”

ஆம், நேர் மேல்மாடியில். நான் சீட்டு வாங்கிச் சற்று நேரம் அருகே நின்றிருந்தால் போதும். அவர் கட்டிலின் எச்சரிக்கை மருத்துவரின் திரைக்குப் போயிருக்கும். போகவில்லை.

ஒரு பிற்பகல் அவர் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியது. இதயத்தை நிறுத்தும் உப்பு அது. உடனே மருந்து கொடுத்தால் இறங்கிவிடும். என் மென்பொருள் தவறாமல் கண்டது. எச்சரிக்கை என் கணினிவரை வந்து, கீழே போகாமல் நின்றது. கையிலிருந்த தேநீர் ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்க மிஷின் ஒண்ணும் சொல்லலையா தம்பி?” என்று அண்ணன் இறந்த பின் அண்ணி கேட்டார்.

“சொல்லிச்சு அண்ணி,” என்றேன். நான் பொய் சொல்வதில்லை. அண்ணி உங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது அதன் பிறகுதான்.

பகை என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. அண்ணன் மீது எனக்கு அன்பு உண்டு. அவருக்காக மட்டும் விதியை வளைத்திருந்தால், அவருக்கு முன்னே போனவர்களுக்கு என்ன விடை சொல்வேன்? நீதி எல்லார்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அன்று மாலையும் வழக்கம்போல் தொழுது, செய்தது சரிதானா என்று வாய் திறவாமல் கேட்டேன். இறைவன் ஒன்றும் சொல்லவில்லை. சரியென்றே எடுத்துக்கொண்டேன்.