இருபதுக்கு சைபர்

— அக்கா, கோளாறு உன் கணக்குப் பாட சாப்ட்வேர்லதான்னு சொல்றேன். நீ என்னடான்னா என் பொண்ணப் பத்தியே கேக்கறே.

— சட்டைக்குப் பட்டன் தைக்கிறவன் என் பட்டனுக்குக் குத்தம் சொல்றான், கேட்டுத்தான் ஆகணும். என்னடா கோளாறு?

— நாலு விடை, நாலு கட்டம். விரல் வழுக்கி அடுத்த கட்டத்துல பட்டுடுது. இல்லேன்னா நேத்து இருபது கணக்குல இருபதும் தப்பாகுமா?

— வழுக்குதோன்னுதான் கட்டத்தப் பெருசாக்கினேன். பள்ளிக்கூடத்துல அவ பின்னாடியே உக்காந்தும் பாத்தேன். அங்க அத்தனையும் சரி.

— வீட்டுக்கு வந்தா மட்டும் மூளை மழுங்கிடுதாக்கும். நாளைலேர்ந்து டியூஷன், டீச்சர்கிட்ட பேசிட்டேன். தினம் நான் கடை சாத்தற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்.

— அவ என்ன சொன்னா?

— அழுதா. அழட்டும், கணக்கு வந்தாப் போதும்.

— அவசரக்குடுக்கை. இதக் கேளு. ஒண்ணுமே தெரியாம கண்ண மூடிக்கிட்டுக் குத்தினாலும், நாலுல ஒண்ணு சரிங்கறதால, இருபதுல நாலஞ்சு தானா சரியா விழும்.

— குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி.

— அதேதான். ஒண்ணுகூட விழலேன்னா, சரியான விடை எதுன்னு தெரிஞ்சு, அத மட்டும் தொடாம விட்டிருக்கா உன் வாலு.

— தெரிஞ்சே தப்பாப் போடுவாளா? அத்தை புத்தி அப்படியே வந்திருக்கு.

— தப்பாப் போட்டா திரையில ஒரு கரடி குட்டிக்கரணம் அடிக்கும்ல, அந்த ஆசையோன்னு முந்தாநாளே கரடியத் தூக்கிட்டேன். அப்பவும் தப்பு.

— அடப்பாவமே. உன் சாப்ட்வேர்ல உருப்படியா இருந்ததே அந்தக் கரடிதான்.

— சிரி சிரி. பள்ளிக்கூடத்துல இல்லாதது வீட்டுல என்ன இருக்குன்னுதான் இப்பப் பாக்கணும். அவ தப்பாப் போட்டதும் என்ன நடக்குது? ஒண்ணொண்ணாச் சொல்லு.

— நீ வெச்ச ஏற்பாடுதானே. கீழ கடையில என் போன் அடிக்கும், 'உங்கள் குழந்தைக்கு உதவி தேவை'ன்னு. மிஷின நிறுத்திட்டு, கழுத்துல டேப்போட மாடி ஏறுவேன். பக்கத்துல உக்காந்து, அவ விரலப் புடிச்சு எண்ணிக் காட்டுவேன். என் மேல சாஞ்சுக்கிட்டு நல்லாத் தலைய ஆட்டுவா. ஆட்டிட்டு மறுபடி தப்பாப் போடுவா.

— சரியாப் போட்டா?

— போட்டா நான் எதுக்கு அங்க? ஒரு கணக்கு சரியா வந்தாக்கூட எந்திரிச்சுக் கடைக்கு ஓடிடுவேன். நேத்து என்னை எந்திரிக்கவே விடலியே, அக்கா.