பதினோராவது கார்டு

அதெல்லாம் சரிதான் அருளம்மா, மொதல்ல கார்ட மடிக்குள்ள வையி. ஈரக் கையோட புடிச்சுக்கிட்டு நிக்காத, மை கலைஞ்சு போச்சுன்னா நம்பரு தெரியாது. நீ எம்புட்டு நேரம் நீட்டிக்கிட்டு நின்னாலும் நான் வாங்க மாட்டேன். இந்தத் தடவ முடியாது. முழங்காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, பஸ்ல கால மடக்கி ஒக்கார முடியல.

யாரு சொன்னா? நேத்துச் சந்தையில பாத்தியா? சந்தை இந்தா இங்கிட்டு இருக்கு, திருச்சி அங்கிட்டு முப்பது மைலுக்கு மேல. ரெண்டும் ஒண்ணா? சரி, காலு நல்லாத்தான் இருக்குன்னே வச்சுக்க. கண்ணு தெரியல. தேதியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது.

எது, அந்தப் பையா? ஆமா, ஒம்பது கார்டு இருக்கு. தெருவுல எல்லாரும் குடுத்துட்டுப் போயிட்டாக. அவுக கார்டெல்லாம் தெரியுற கண்ணுக்கு ஒன் கார்டு மட்டும் தெரியாதாக்கும்னு கேக்குற. நல்லாப் பேசக் கத்துக்கிட்ட. அதுக வேற, ஒன்னுது வேற. அம்புட்டுத்தான்.

சரி சரி, கோவிச்சுக்கிட்டுப் போகாத. ஒக்காரு தங்கச்சி. கொரலு ஒசந்துருச்சு, எனக்கு இப்பல்லாம் அப்புடித்தான் வருது.

நான் என்ன சொல்றேன், ஒன் சின்னவனே நேர்ல போகட்டுமே. அந்தோணிக்கு இருபது வயசு ஆகப்போகுது, வேலைக்குப் பதிஞ்சதுக்கப்புறம் மொதத் தடவ முத்திரை வாங்கப் போறான், ஆபீசு எப்புடி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வரட்டும். ஒரு நாள் கூலி போயிரும், தெரியும். பஸ்ஸுக்கு வேணும், அதுவும் தெரியும். அதுக்குத்தான இந்த ஏற்பாடே பண்ணுனோம்.

சமஸ்தானம் இருந்தவரைக்கும் நமக்கு எல்லாம் ஊருக்குள்ளயே இருந்துச்சு. நான் சேவகனா டவாலிப் பட்ட போட்டுக்கிட்டு ஆபீசு வாசல்ல நின்னா, பெரிய மனுசன்லாம் எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் உள்ள போவான். நாப்பத்தெட்டுல திருச்சியோட சேத்தாங்க. கொஞ்ச நாள்ல டவாலியக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன். நாலு வருசம் சொவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன் அருளம்மா. பொண்டாட்டி சோறு போடயில இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்துன்னு கேக்க வாய் வராது. அந்தக் கேவலம் எம்மவன் சவரிக்கு வந்துரக் கூடாதுன்னு தூக்கத்துலகூட நெனைப்பேன்.

வந்துச்சே. பயலுக எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுட்டு வீட்டுக்கு ரெண்டு பேரு சும்மா நின்னானுக. திருச்சியில வேலைக்குப் பதிஞ்சாக் கூப்புடுவாகன்னாங்க. பதிஞ்சா மட்டும் போதாதாம், தேதி தவறாமக் கார்டக் காட்டி முத்திரை வாங்கணுமாம். ஒரு நாளு தவறுனாப் பழைய நம்பரு போச்சு, புதுசாப் பதிஞ்சு கடைசியில போயி நிக்கணும். ஆளு வரணும்னு இல்ல, கார்டு வந்தாப் போதும். அன்னைக்குப் பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நீதான சொன்ன, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி போடுவோம், அத வித்து ஒருத்தரு எல்லாரு கார்டையும் கொண்டு போகட்டும்னு. ஆபீசு நடை தெரிஞ்ச ஆளு சூசையண்ணந்தான்னு நீதான கையக் காட்டுன. பொய் சொல்லல, அந்தப் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கயில திரும்ப மனுசனான மாதிரி இருந்துச்சு.

ஒன் பெரியவன் ஆரோக்கியமுத்தும் எம்மவனும் ஒரே நாளுதான் பதிஞ்சானுக. சவரிதான் வரிசையில முன்னாடி நின்னான். டீ குடிச்சுட்டு வாரேன், எடத்தப் பாத்துக்கடான்னு போயிட்டான், மடப்பய. அதுக்குள்ள கூப்புட்டுட்டாக. ஆரோக்கியமுத்து நம்பரு முன்னாடி, இவன் நம்பரு அதுக்கு அடுத்தது. திரும்பி வார வழியெல்லாம் ரெண்டு பேரும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு வந்தானுக. நான் சிரிக்கல.

மறு வருசம் ரயில்வேக்கு ஆளு எடுத்தாக. நம்பரு வாரியா வந்துக்கிட்டே இருந்துச்சு, நம்ம தெருவுல அடுத்தது ஆரோக்கியமுத்துக்குத்தான்னு எல்லாரும் சொன்னாக. நீ வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்ட. அந்தச் சமயத்துலதான் பதினோரு கார்டு கொண்டு போனேன். கீரனூர்ல டயர் போயி பஸ்ஸு நின்னுருச்சு, போயிச் சேந்து பத்து கார்டு முடிஞ்சு பதினோராவத நீட்டயில சன்னலச் சாத்திட்டாங்க, அது ஒம்மவன் கார்டாப் போச்சுன்னு வந்து சொன்னேன். அன்னைக்கு அவனுக்குக் கடைசித் தேதி. வேற யாராச்சும்னா மண்ண வாரித் தூத்தியிருப்பா. நீ என்னடான்னா, பஸ்ஸு நின்னா நீ என்னண்ணே பண்ணுவன்னுட்டு, வெயில்ல வந்தேன்னு மோரு கொண்டாந்து குடுத்த. நான் அத வாங்கிக் குடிச்சேன். குடிச்சுட்டு, உப்பு கம்மின்னு வேற சொன்னேன்.

அடுத்த மாசம் சவரிக்குக் கடுதாசி வந்துச்சு. இன்னைக்கு அவன் காக்கிச் சட்ட போட்டுக்கிட்டு ஒர்க்‌ஷாப்புல நிக்கிறான். ஒம்மவன் புதுசாப் பதிஞ்சு, கடைசியில நின்னு நின்னு பாத்துட்டு, குடுமியான்மல பக்கம் கல்லு ஒடைக்கப் போனான். எழுதுற கை. போன மாசியில பாறைக்கு வெடி வச்சப்ப அவன் வெலகலையோ, யாரும் கத்தலையோ, என்ன எழவோ. நாந்தான் வண்டி கட்டிக்கிட்டுப் போயித் தூக்கிட்டு வந்தேன்.

பெட்டிய மூடப் போகயில நீ அவன் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்குப் புத்தகத்தக் கொண்டாந்து நெஞ்சு மேல வச்ச. அங்க போயாச்சும் யாராவது பாக்கட்டும்னு சொன்ன.

வேணாம். கடவுளாட்டம் கூட நின்னியேன்னு சொல்லாத. சொல்லாதங்குறேன்ல! மூணு வருசமா பூசையில சாமியாரு நன்மை அப்பம் குடுக்கயில நான் வாங்க எந்திரிக்கிறதே இல்லையே, நீ பாத்ததில்லையா? வயித்துல புண்ணு, வெறும் வயித்தோட இருந்து நன்மை வாங்க முடியலன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். எனக்கு வயித்துல ஒரு புண்ணும் கெடையாது. சாமியாரு கூப்புட்டுக் கேட்டாரு, அவருகிட்டயும் புண்ணுன்னுதான் சொன்னேன். மத்தவங்க கார்ட வாங்கிப் பையில போட்டுக்கிறேன். ஒன் வீட்டுக் கார்ட மட்டும் தொட மாட்டேன்.

எந்திரி, நேரமாச்சு. அந்தோணிக்கும் நாளைக்குத்தான கடைசித் தேதி? அவனையே போகச் சொல்லு, கூலி போனாப் போகட்டும். கார்ட யாருகிட்டயும் குடுக்க வேணாம். எங்கிட்ட மட்டும் இல்ல, யாருகிட்டயும். விடியக்காலம் மொத பஸ்ஸ விட்டுட்டாலும் பதற வேணாம்னு சொல்லு, அடுத்த பஸ்ஸுல போகலாம். சன்னலு சாயங்காலம் நாலு மணி வரைக்கும் தெறந்துதான் இருக்கும். அன்னைக்கும் தெறந்துதான் இருந்துச்சு.

ஆமா அருளம்மா. பஸ்ஸும் எங்கயும் நிக்கல. பதினோரு கார்டு கொண்டு போனேன், பத்துதான் நீட்டுனேன். ஒம்மவன் கார்டு என் சட்டப் பையிலயே இருந்துச்சு.

நீ கொண்டாந்த அரிசி அந்தா மொறத்துல இருக்கு. அத எடுத்துக்கிட்டுப் போ.