பெரிய போனில் அழித்தால்

தேநீரில் சீனி போதுமா, கையூம் பாய்? போதாவிட்டால் சொல்லுங்கள். ஆரபி வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறேன். கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முன்னுக்குப் பின் முரணாகப் பேசிப் பழக்கமில்லை.

முதலில் இந்த இரண்டு போன் விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் மகள் ஆடம்பரத்துக்காக இரண்டு வைத்திருக்கவில்லை. பெரியதைத்தான் முதலில் ஆசைப்பட்டு வாங்கினாள். தோசைக்கல் அளவு இருக்கிறதே என்று கேலி செய்தேன். கம்பெனி பஸ்ஸில் ஒரு கையால் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலி கண்ட பிறகு சின்னதாக இன்னொன்று வாங்கினாள். சின்னது அவளோடு துவாஸுக்கு, வேலைக்குப் போகும். பெரியது இங்கே செங்காங் வீட்டில், இந்த மேசைமேல், என்னோடு இருக்கும். இரண்டிலும் ஒரே எண், ஒரே கணக்கு. அவள் பஸ்ஸில் எழுதுவது இங்கே தெரியும். இங்கே ஒன்றை அழித்தால் அங்கேயும் போய்விடும்.

அவள் வேலை செய்யும் தொழிற்சாலைக்குள் கேமரா உள்ள எதையும் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே போனை அணைத்து லாக்கரில் வைத்துவிட்டு, தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வருவாள். அதனால்தான் பெரிய போனில் என் விரல் ரேகையையும் பதித்து வைத்தாள். "அர்ஜென்ட்டா ஏதாச்சும் வந்தா ஆபீஸ் லைனுக்கு அடிங்கம்மா. மத்ததெல்லாம் ஜங்க் லா, டிலீட் பண்ணிடுங்க," என்றாள்.

அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். விளம்பரங்களை அழிப்பேன். மோசடிக்காரர்களின் செய்திகளை அழிப்பேன். படங்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று அவள் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அலுவலகத்திலும் அசலும் நகலும் ஒத்துப்போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "எங்கம்மாதான் என்னோட ஐடி டிபார்ட்மென்ட்," என்று தான் கட்டிக்கொள்ள இருந்த சுரேந்தரிடம் அவள் பெருமையடித்துக்கொண்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவளுடைய அப்பா அம்பலவாணர் எங்களை விட்டு வேறொருத்தியோடு போனபோது ஆரபி பள்ளிக்கூடம்கூடச் சேரவில்லை. பிறகு அந்தப் பெண்ணும் அவரை விட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். தன் வினை தன்னைச் சுடும் என்று நினைத்துக்கொண்டேன். அம்பலவாணர் சிராங்கூன் ரோட்டில் உங்களோடு ஒரே அறையில் இருந்தது எனக்குத் தெரியாது.

கல்யாணம் நிச்சயமான பிறகு ஆரபி உங்கள் மளிகைக் கடைக்கு வந்தபோது, அங்கே உட்கார்ந்திருந்தவரைப் பழைய படத்தை வைத்து அடையாளம் கண்டிருக்கிறாள். பேசத் துணிவில்லாமல் திரும்பிவிட்டு, இன்னொரு நாள் வந்து உங்களிடம் அவருடைய எண்ணை வாங்கியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பஸ்ஸில் அவள் எழுதியது என் கண்முன்னால் பெரிய போனில் வந்து விழுந்தது.

"அப்பா, நான் ஆரபி. எனக்குக் கல்யாணம். நீங்க வந்து முன்னால நிக்கணும். காலைல எட்டு மணியிலேர்ந்து நைட் எட்டு வரைக்கும் போன் லாக்கர்ல இருக்கும். ரிப்ளை லேட்டானா தப்பா நினைக்காதீங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மதியம் பதில் வந்தது. எண் கொடுத்த அன்று இரவே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள், கை நடுங்கியது, பார்வையாளர் நேரத்தில் நீங்கள் போய் அவர் சொல்லச் சொல்லத் தட்டினீர்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் இப்போது தெரிகிறது. கட்டாயம் வருவேன் என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ கண்ணு என்று இருந்தது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்றும் இருந்தது.

நான் அழித்தேன். கோபத்தில் செய்யவில்லை. இவர் வருவார், பிறகு ஒரேயடியாகப் போய்விடுவார், பிள்ளை இரண்டாவது முறை அழுவாள் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன். முதல் முறை அழுததைப் பார்த்தவள் நான். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவுக்கு ஓடுவாள். அதை இன்னொரு முறை பார்க்க எனக்கு நெஞ்சில் பலமில்லை.

அன்று இரவு ஆரபிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்ன போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாளும் எழுதினாள். மறுநாளும் மதியம் பதில் வந்தது. மறுநாளும் நான் இந்த மேசையில்தான் இருந்தேன். கடைசியில் என்னிடமே வந்து ஒப்புக்கொண்டாள்.

"நான்தாம்மா அவரக் காண்டாக்ட் பண்ணேன். ப்ளூ டிக் வந்திருக்கு, படிச்சிட்டாரு. ஆனா ரிப்ளை பண்ணல. அவரப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் கரெக்ட்தான்."

மடியில் தலை வைத்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். வளர்ந்த பிறகு அவள் என் மடிக்கு வந்தது அன்றைக்குத்தான். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. நேரில் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். பதில்கூடப் போடாதவர் முன்னால் போய் நிற்பது மரியாதையா என்று கேட்டேன். அவள் போகவில்லை.

மதியச் செய்திகள் மட்டும் நிற்கவில்லை. அதனால் ஒருநாள் மதியம் ஆரபி எழுதுவது போல நானே எழுதினேன். "நீங்க வர வேணாம். எனக்கு அம்மா போதும். இனிமே எழுதாதீங்க." போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு அதையும் அழித்தேன். இரண்டு போனையும் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்ட நான், மூன்றாவதாக அவருடைய போன் ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். அது இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

ஆரபிதான் மறுத்துவிட்டாள் என்று நீங்கள் நம்பினீர்கள். கல்நெஞ்சுக்காரி என்று மனத்துக்குள் திட்டியிருப்பீர்கள். அது நியாயம்தான். அவரிடமிருந்து அதன் பிறகு ஒரே ஒரு பதில் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் கண்ணை மூடியதும் நீங்கள் உங்கள் போனிலிருந்து ஆரபிக்கு எழுதினீர்கள். மண்டாயில் தகனம், மனமிருந்தால் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போம்மா என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் நானே அழித்தேன். ஆபீஸ் லைனுக்கு அடிக்கவில்லை. அன்று இரவு அவள் இரண்டு புடவைகளின் படத்தைக் காட்டி, முகூர்த்தத்துக்கு எது நன்றாக இருக்கும் என்று கேட்டாள். மாம்பழ நிறம் என்றேன்.

கல்யாணத்தில் ஆரபி முன்வரிசையில் ஒரு நாற்காலியில் தன் கைப்பையை வைத்து, யாரையும் உட்கார விடவில்லை. வாசலில் யார் நுழைந்தாலும் மணவறையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவர் சாம்பலாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. தாலி ஏறும்போதும் அவள் வாசலைத்தான் பார்த்தாள். நான் அட்சதை போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். இன்றைக்கும் இரவு வந்ததும் தான் அவருக்கு எழுதிய பழைய செய்திகளை எடுத்துப் பார்க்கிறாள். சுரேந்தர் என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். அந்த ஒன்றுமில்லையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்தாலும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கடைசிச் செய்தி. நீங்கள் கடையில் இருந்த நேரத்தில் அவரே தட்டியது. நேற்று அவருடைய சாமான்களை ஒதுக்கும்போது போனுக்குச் சார்ஜ் போட்டுத் திறந்தேன், அதில் பார்த்தேன் என்றீர்கள். அதைப் படித்துவிட்டுத்தானே இங்கே வந்தீர்கள்? நீங்கள் படிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம்.

"இந்த நேரத்துல பிள்ளையோட போன் லாக்கர்ல இருக்கும். சிவமணி, நீதானே? உன்மேல கோவம் இல்ல. நான் வரல. நான் போன பிறகாவது பிள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லிடு, அப்பா வர்றேன்னுதான் சொன்னாருன்னு."

அதை அழிக்கும் முன்னால் என்னுடைய பழைய போனுக்கு அனுப்பி வைத்துக்கொண்டேன். காலையில் குளித்து, சாமிக்கு விளக்கேற்றிய பிறகு ஒரு தடவை எடுத்துப் படிப்பேன். விட்டுப் போன நாளிலிருந்து அவர் என் பெயரைச் சொன்னது அதில் மட்டும்தான்.

லிஃப்ட் சத்தம் கேட்கிறது. அவளாகத்தான் இருக்கும். போனை நீங்களே அவள் கையில் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் அவள் படிக்கட்டும். என்னை விட்டுப் போவதானாலும் போகட்டும், அவளுக்காகத்தானே இவ்வளவும் செய்தேன். ஒரே ஓர் உதவி மட்டும் கேட்கிறேன் பாய். அந்தக் கடைசிச் செய்தியை அழித்துவிட்டுக் கொடுங்கள். மற்றதெல்லாம் பிள்ளைக்கு வந்தவை. அது எனக்கு வந்தது.