‘இன்னா’ என்று கேட்டவள்

கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதோடு என்னையும் தாங்கிக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் கொளஞ்சியப்பன் ஐயா அவர்களே! கரும்பு டிராக்டர் ஹாரன் அடித்தாலும் கலையாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! “சீக்கிரம் முடிடா, வூட்ல வேலை கெடக்குது” என்று கண்ணாலேயே கட்டளையிடும் தாய்மார்களே! பின்வரிசையில் விசிலடித்துக்கினு இருக்கும் என் உயிர்த்தோழன் சரத்குமாரே! மூங்கில்துறைப்பட்டுக் கரும்பைவிட இனிக்கும் உங்கள் அனைவருக்கும் பதினோராம் வகுப்பு ரெக்ஸின் பணிவான வணக்கம்.

அழைப்பிதழைப் புரட்டுங்கள். ‘பிள்ளைப் பருவமும் பின்னாள் குணமும்’ என்ற தலைப்பில் பேசுபவர், செந்தமிழ்ச்செல்வி. செல்விக்கு எப்போது மீசை முளைத்தது என்று கேட்கிறீர்களா? இதை மீசை என்று ஒப்புக்கொண்டதற்கே நன்றி ஐயா!

இன்று இங்கே பேசுபவர்தான் கள்ளக்குறிச்சி மாவட்டப் போட்டிக்குப் போவார். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு முன்பு திரைக்குப் பின்னால் செல்வி, தன் பேச்சை எழுதிவைத்த இந்தத் தாளை என் கையில் திணித்தாள். “நீயே பேசுடா. நான் ஏறுனா எல்லாரும் சிரிப்பாங்க.”

படிப்பில் முதலிடம் பிடிப்பவள் மேடைப் படியேற ஏன் பயப்படுகிறாள்? அதற்கான பதில் இந்தத் தாளில் இல்லை. என்னிடம் இருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் எங்கள் பால்வாடிக்கு டீச்சராக வந்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கேட்டு எழுதினார். செல்வியிடம், “ஒம் பேரு என்னட்டி?” என்றார். ‘என்னட்டி’ புரியாத நாலு வயதுக் குழந்தை, நம் ஊர்த் தமிழில் திருப்பிக் கேட்டது: “இன்னா?”

டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? “அன்னான்னு பேரு இருக்க மாதிரி இன்னாவா? நல்ல பேருதான்!” என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். “ஏ இன்னா! இன்னா வேணும் இன்னா?” என்று முதலில் கத்தியதே நான்தான். பால்வாடியே குலுங்கியது. மறுநாள் செல்வியின் அம்மா பாப்பாத்தி வந்து நின்றார். அதோ, முன்வரிசையில் முறைக்கிறாரே, அவர்தான். “எம் பொண்ணு இன்னான்னு கேட்டா, இன்னான்னே எழுதிக்கினீங்களே டீச்சர்!”

பதிவேடு திருந்தியது. ரெக்ஸ் திருந்தவில்லை.

அந்தச் சிரிப்பு ஒரே கரும்பு, அன்பர்களே! சாறு எனக்கு, சக்கை அவளுக்கு. ஊரே சிரிக்கும் சுகத்தை நாலு வயதில் ருசித்தவன் சேட்டைக்காரனாக வளர்ந்தேன். அவள்? நம் ஊரில் ‘இன்னா’ என்றால் கேள்வி. பழந்தமிழில் ‘இன்னா’ என்றால் துன்பம். அவள் கேட்டது முதல் பொருளில். நான் திருப்பிக் கொடுத்தது இரண்டாம் பொருளை. கேள்வி கேட்டவளுக்குக் கேலி கொடுத்தேன்!

அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் எதையும் கேட்டதில்லை. “டவுட் இருக்கா?” என்பார் கணக்கு ஆசிரியர் தனசேகரன். அவள் விரல் பெஞ்சு உயரம் எழும், அங்கேயே படுத்துவிடும். என் காதில் கிசுகிசுப்பாள், நான் எழுந்து கேட்பேன். “சபாஷ் ரெக்ஸ், நல்ல கேள்வி!” சார், அதில் ஒன்றுகூட என் கேள்வி இல்லை சார். என் விடைத்தாளைத் திருத்துபவர் நீங்கள், உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்!

தாய்மார்களே! சின்னப் பிள்ளை மறந்துவிடும் என்கிறோமே, மறந்தது யார்? எழுதியவர் மறந்தார். கத்தியவன் மறந்தான். சிரித்தவர்கள் மறந்தார்கள். சுமந்தவள் மறந்தாளா? அழுமூஞ்சி, மக்கு, ஊமை என்று நாம் விளையாட்டாய்ச் சூட்டும் சொல் பிள்ளையோடு பள்ளிக்கூடம் வருகிறது. பிள்ளையோடு வளர்கிறது. மேடைப்படியில் பிள்ளைக்கு முன்னால் போய் நின்று வழிமறிக்கிறது!

அதனால் இந்தத் தாளை நான் படிக்கப் போவதில்லை.

செந்தமிழ்ச்செல்வி! அன்று உன்னைப் பார்த்துச் சிரித்த வாய் இன்று உன்னிடம் மன்னிப்பு கேட்கிறது. வா.

சரத்து, விசிலடிக்காதடா, திரை அசையுது... வந்துவிட்டாள். என்னிடம் ஏதோ கேட்கிறாள். சத்தமா கேளு செல்வி, மைக்குல கேளு!

“இன்னாடா, எல்லாத்தையும் நீயே பேசிட்டா நான் இன்னாத்த பேசறது?”

காதில் விழுந்ததா அன்பர்களே? பன்னிரண்டு வருடம் கழித்து நாலு பேர் முன்னால் அவள் கேட்ட கேள்வி! இதற்குப் பதிலாக நான் தரக்கூடியது இந்த மைக்தான். அதை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். என்னைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. அவளைக் கேட்கப் போகும் காதுகளுக்கு வணக்கம்!